பால் கட்டிய மார்பை அழுத்தித் தேய்க்கலாமா?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவர் சிங்கப்பூரில் வீவக எனப்படும் அரசு அடுக்குமாடி வீட்டில் வசிக்கும் 29 வயதுப் பெண். முதல் குழந்தைக்கு ஏழு வாரம் ஆகிறது. பிரசவத்துக்காகத் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அம்மா வந்து உடன் இருக்கிறார். குழந்தை நன்றாகக் குடிக்கிறது, எடையும் ஏறுகிறது. பால் கொஞ்சம் அதிகமாகவே சுரக்கிறது. அம்மா தினமும் பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் செய்து கொடுக்கிறார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி பப்பாளிக்காய் மீன் சூப் கொண்டுவந்து தருகிறார். பால் வீணாகக் கூடாது என்று ஒவ்வொரு முறை ஊட்டிய பிறகும் பம்ப் வைத்து எடுத்து ஃப்ரீசரில் சேர்த்துவந்திருக்கிறார்.

ஒரு வாரத்துக்கு முன் இடது மார்பின் வெளிப்பக்கத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஆன்ட்டி, தன் மகளுக்குப் பிரசவமானபோது வந்த பால் மசாஜ் பெண்மணியை அனுப்பிவைத்தார். சீனப் பாரம்பரிய முறை, ஐந்து முறை செய்யும் பேக்கேஜ், பணம் முழுவதும் முன்கூட்டியே. முதல் நாள் ஒரு மணி நேரம். சூடான துண்டு போட்டு, எண்ணெய் தடவி, கட்டைவிரலால் கட்டியின் மேல் அழுத்திக் காம்பை நோக்கித் தள்ளியிருக்கிறார். “பிரசவ வலியைவிட மோசம் டாக்டர், தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன்” என்கிறது கடிதம். பால் பீய்ச்சி அடித்தது. அன்றிரவு மார்பு லேசாக இருந்தது. மறுநாள் மறுபடி வீங்கியது. இரண்டாவது முறையும் அதே அழுத்தல். அதற்கடுத்த நாள் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு, அதன் நடுவே நீலம் பாரித்த விரல் தடங்கள், நடுக்கத்தோடு 38.9 டிகிரி காய்ச்சல்.

மருத்துவர் பத்து நாளைக்கு க்ளாக்சாசிலின் எழுதிக் கொடுத்தார். குழந்தைக்குப் போய்விடும் என்ற பயத்தில் இரண்டு நாளாக மாத்திரை அப்படியே இருக்கிறது. மசாஜ் பெண்மணி, “விஷம் வெளியே வருகிறது, அதனால்தான் காய்ச்சல். நிறுத்தினால் கட்டி உள்ளேயே தங்கிவிடும்” என்கிறார். ஒரு மூலிகைக் கஷாயப் பொட்டலமும் தந்திருக்கிறார். அம்மாவோ, அது கெட்ட பால், குழந்தைக்குக் கொடுக்காதே, தேக்கா சந்தையில் மல்லிகைப்பூ வாங்கி மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றிவிடும் என்கிறார். கணவர், பால் பவுடருக்கு மாறிவிடலாம் என்கிறார்.

மீதி மூன்று மசாஜையும் செய்துகொள்ளலாமா, பால் கெட்டுவிட்டதா, மாத்திரையையும் கஷாயத்தையும் சேர்த்துச் சாப்பிடலாமா, கட்டிய பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு வரி: “ஒரு குழந்தைக்குப் பால் கொடுக்கக்கூடத் தெரியாதவளா நான்?”

இன்றே செய்யவேண்டியது

சகோதரி, உங்கள் கடிதம் வந்த அன்றே நான்கு வரியில் பதில் அனுப்பிவிட்டேன்: மசாஜை நிறுத்துங்கள், மாத்திரையை ஆரம்பியுங்கள், இன்றைக்கே மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் கேளுங்கள், பால் கொடுப்பதை நிறுத்தாதீர்கள். இதே நிலையில் இருக்கும் மற்ற தாய்மார்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

அவசரம் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மார்பில் வீக்கமும் லேசான சிவப்பும் மட்டும் இருந்தால் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். குளிர் ஒத்தடத்திலும் வலி மாத்திரையிலும் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்களுக்குக் காய்ச்சல் 24 மணி நேரத்தைத் தாண்டிவிட்டது, சிவப்பு பரவியிருக்கிறது, இரண்டு முறை அழுத்தியதில் உள்ளே ரத்தமும் கசிந்திருக்கிறது. இந்த நிலையில் பாக்டீரியா தொற்று இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறாமல் போனால் சீழ்க்கட்டியாகலாம். மார்பக அழற்சி என்ற இந்த நோய் வந்த தாய்மார்களில் நூற்றுக்கு மூன்று முதல் பதினொரு பேருக்குச் சீழ் பிடிப்பதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன. கையால் தொட்டுப் பார்த்துச் சீழ் இருக்கிறதா இல்லையா என்று அனுபவசாலிகளாலும் எப்போதும் சொல்லிவிட முடியாது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரிந்துவிடும்.

சீழ் இருந்தாலும் பயப்படாதீர்கள். இப்போதெல்லாம் பெரும்பாலும் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள், தேவைப்பட்டால் சில நாள் கழித்து மறுபடியும் எடுப்பார்கள். அதன் பிறகும் பால் கொடுக்கலாம்.

நெஞ்சு படபடப்பு, மூச்சு வாங்குவது, தலைசுற்றி நிற்க முடியாமல் போவது, பேச்சில் குழப்பம் – இதில் எது வந்தாலும் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.

மாத்திரையைப் பற்றிய பயம்

இந்தத் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணம் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா. நம் தோலிலும் குழந்தையின் மூக்கிலும் சாதாரணமாகவே இருப்பது. அதற்கேற்ற மருந்தைத்தான் உங்கள் மருத்துவர் எழுதியிருக்கிறார். க்ளாக்சாசிலின், ஃப்ளூக்ளாக்சாசிலின், செஃபாலெக்சின் ஆகியவை பாலூட்டும் தாய்மார்களுக்கு உலகம் முழுக்கக் கொடுக்கப்படுபவை. பாலில் கலப்பது மிகக் குறைந்த அளவு. குழந்தைக்கு இரண்டொரு நாள் மலம் இளகலாம், அவ்வளவுதான். உங்களுக்குப் பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், மாற்றித் தருவார்.

பெட்டியில் போட்டிருக்கும் நேரப்படி சாப்பிடுங்கள். இரண்டு நாளில் காய்ச்சல் விட்டுவிட்டது என்று நடுவில் நிறுத்திவிட வேண்டாம். 48 மணி நேரம் மாத்திரை போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் மறுபடி போய்க் காட்டுங்கள். பாலைப் பரிசோதனைக்கு அனுப்பி வேறு மருந்து தேவையா என்று பார்ப்பார்கள்.

வலிக்கும் வீக்கத்துக்கும் ஐபுப்ரோஃபென் நல்லது, பால் கொடுக்கும்போது எடுத்துக்கொள்ளலாம். சாப்பிட்ட பிறகு 400 மில்லிகிராம், எட்டு மணிக்கு ஒரு முறை. வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. அவர்களுக்குப் பாராசிட்டமால் போதும். வலியைப் பொறுத்துக்கொண்டு மாத்திரை வேண்டாம் என்று இருப்பதால் குழந்தைக்கு எந்த நன்மையும் இல்லை. வலி அதிகமானால் பால் இறங்குவதே தடைப்படும்.

அந்த மசாஜ் என்ன செய்தது?

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் யோசித்த இடம் இது. “அன்றிரவு லேசாக இருந்தது, அப்படியென்றால் அது வேலை செய்கிறதுதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி.

பால் நரம்பில் ஏதோ கெட்டித் தயிர்த் துண்டு மாதிரி அடைத்துக்கொண்டிருக்கிறது, அழுத்தித் தள்ளினால் வெளியே வந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். மார்புக்குள் இருப்பது அப்படி ஒரு குழாய் அமைப்பு இல்லை. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் மெல்லிய நாளங்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2005-இல் ஸ்கேன் மூலம் அளந்தபோது காம்புக்கு அருகிலேயே சராசரியாக 2 மில்லிமீட்டர் அகலம்தான் இருந்தது. உங்கள் விரலுக்குக் கட்டியாகத் தட்டுப்படுவது பெரும்பாலும் அந்த நாளங்களைச் சுற்றியுள்ள திசுவின் வீக்கம். நீரும் ரத்த ஓட்டமும் கூடி அந்த இடம் புடைத்து, நாளத்தை வெளியிலிருந்து நெருக்குகிறது. அதனால் பால் வர மறுக்கிறது. அங்கே தள்ளி எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. வீக்கம் வடிய வேண்டும்.

அப்படியிருக்கும் இடத்தில் கட்டைவிரலை ஊன்றி ஒரு மணி நேரம் தேய்த்தால் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைகின்றன. நீங்கள் பார்த்த நீலத் தடங்கள் அதுதான். பால் சுரக்கும் பைகள் நசுங்கி, பால் திசுவுக்குள் கசிகிறது. உடம்பு அதைக் காயமாக எடுத்துக்கொண்டு இன்னும் வீங்குகிறது. முதல் இரவு லேசாக இருந்ததற்கும் காரணம் உண்டு: தொடுதலில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து பால் இறங்கியது, வீக்கமில்லாத மற்ற பகுதிகள் காலியாயின. கட்டியிருந்த இடம் காலியாகவில்லை. அதனால்தான் மறுநாளே பழையபடி ஆனது, இரண்டாம் முறைக்குப் பிறகு அதைவிட மோசமானது.

“விஷம் வெளியே வருகிறது” என்று அவர் சொன்னது சரியில்லை. காய்ச்சலும் நடுக்கமும் அழற்சி உடம்பு முழுக்கத் தெரிய ஆரம்பித்துவிட்டதன் அறிகுறி. அதன் பிறகும் அழுத்தச் சொல்வது ஆபத்து.

இதே எச்சரிக்கையைத்தான் அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு 2022-இல் திருத்தி வெளியிட்ட நெறிமுறையும் சொல்கிறது: ஆழமாக அழுத்தும் மசாஜ் கூடாது, மின் அதிர்வுக் கருவிகளை வைத்து அழுத்தக் கூடாது. சூடு போடு, நன்றாகத் தேய், மார்பைச் சொட்டுப் பால் இல்லாமல் காலி செய் என்ற பழைய அறிவுரை மருத்துவக் கையேடுகளிலும் இருந்ததுதான். அதனால் உங்களுக்கு மூத்த தாதியர் யாராவது இன்னும் அப்படிச் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள்.

சீன மருத்துவமே என்ன சொல்கிறது

இதை எழுதுவதால் சீன மருத்துவத்தின் மேல் எனக்கு மதிப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பாலூட்டும் தாய்க்கு வரும் இந்த நோயை அவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கவனித்து எழுதி வைத்திருக்கிறார்கள். மார்பு வயிற்றின் சக்திப் பாதையில் இருக்கிறது, காம்பு கல்லீரலின் பாதையைச் சேர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. வயிற்றில் சூடு ஏறுவதாலும் கோபமும் கவலையும் கல்லீரலில் தேங்குவதாலும் பால் கட்டுகிறது என்பார்கள். புதுத் தாயின் மன அழுத்தத்தை நோய்க் காரணமாகவே எழுதிவைத்த மரபு அது. சிங்கப்பூர், மலேசியாவில் சீனக் குடும்பங்கள் பிரசவித்த பெண்ணை ஒரு மாதம் வீட்டுக்குள் வைத்துக் கவனிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். நம் வீட்டுப் பத்தியத்துக்கு அது ரொம்பத் தூரம் இல்லை.

14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜூ தான்ஷி என்ற புகழ்பெற்ற சீன மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கட்டி தோன்றிய ஆரம்பத்திலேயே, வலியைப் பொறுத்துக்கொண்டு, கொஞ்சம் இளகும் அளவுக்குப் பிசைந்து, பாலை உறிஞ்சி எடுத்துவிட்டால் தானாகக் கரைந்துவிடும் என்பது அவர் சொன்னதன் சாரம். உங்களை வலி தாங்கச் சொன்ன பழக்கத்தின் வேர் இதுபோன்ற இடங்களில் இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், அவரும் ஆரம்பத்தில் என்றார், கொஞ்சம் இளகும் அளவுக்கு என்றார், மீதி வேலையை உறிஞ்சுதலுக்கு விட்டார். ஆன்டிபயாடிக் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், சீழ் பிடித்தால் உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் எழுதியது அது.

இன்றைய சீன மருத்துவப் பாடப் புத்தகங்களும் இந்த நோயை மூன்று கட்டங்களாகப் பிரிக்கின்றன: பால் தேங்கிய கட்டம், சீழ் பிடிக்கும் கட்டம், உடைந்த பிறகான கட்டம். கைமசாஜ் முதல் கட்டத்துக்கு மட்டும்தான். சீழ் பிடித்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்பது அவர்கள் விதியும்கூட. காய்ச்சலோடு சிவந்து போன மார்பில் மூன்றாவது முறையும் தேய்க்கலாம் என்று சொன்னவர், தான் பேர் சொல்லும் மரபையே மீறுகிறார். சீனாவிலும் முரட்டு மசாஜால் சீழ்க்கட்டியோடு வரும் தாய்மார்களைப் பார்த்துப் பார்த்து, மார்பகச் சிகிச்சை மருத்துவர்கள் இதை எதிர்த்து எழுதிவருகிறார்கள்.

அப்படியானால் சீன மசாஜில் எதுவுமே உதவாதா? உதவக்கூடியவை இருக்கின்றன. மார்பைத் தொடாமல் தொலைவில் கொடுக்கும் அழுத்தம் அவர்கள் முறையில் உண்டு: நடு மார்பெலும்பின் மேல் ஒரு புள்ளி, சுண்டுவிரல் நகத்தின் ஓரத்தில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே ஒன்று, தோள்பட்டையின் உச்சியில் ஒன்று. மணிக்கணக்காகக் குனிந்து பால் கொடுக்கும் பெண்ணுக்குத் தோளையும் முதுகையும் பிடித்துவிடுவது எவ்வளவு சுகம் என்று நான் சொல்லவேண்டியதில்லை. இறுக்கம் தளர்ந்தால் பால் இறங்குவதும் எளிதாகும். பல ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், புள்ளிகளை அழுத்தும் மசாஜ் மார்பக அழற்சி வராமல் தடுக்க உதவக்கூடும் என்று ஓர் ஆய்வின் அடிப்படையில் சொல்லியிருக்கிறார்கள். அது வருமுன் காப்பதற்கான மசாஜ். வந்துவிட்ட அழற்சியைத் தேய்த்துப் போக்கலாம் என்பதற்கு அதை ஆதாரமாக எடுக்க முடியாது.

பின்னாளில் மறுபடி சீன மருத்துவரிடம் போக விரும்பினால், ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். சிங்கப்பூரில் சீன மருத்துவர்களும் அக்குபங்சர் செய்பவர்களும் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவேட்டை இணையத்தில் யாரும் பார்க்கலாம். கைமசாஜ் மட்டும் செய்பவர்களுக்கு அந்த மருத்துவப் பதிவு கிடையாது. வீட்டுக்கு வந்து பால் மசாஜ் செய்பவர் நல்ல மனசோடு வரலாம், கையில் அனுபவமும் இருக்கலாம். ஆனால் தொற்றைக் கண்டுபிடிக்கும் பயிற்சி அவருக்கு இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை.

கஷாயப் பொட்டலம்

இந்த நோய்க்குச் சீன மருத்துவர்கள் பொதுவாக டேன்டிலயன் என்ற மஞ்சள் பூச்செடியைச் சேர்த்துக் கொடுப்பார்கள். பொட்டலத்தில் அதுதான் இருக்கிறதா, வேறென்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. வறுத்த பார்லி முளையை அதே மரபில் பால் வற்றச் செய்யக் கொடுப்பார்கள். தவறிப்போய் அது இருந்தால் உங்கள் பால் குறையும். பெயர் எழுதாத எதையும் பால் கொடுக்கும்போது குடிக்க வேண்டாம். பதிவுபெற்ற சீன மருத்துவர் உள்ளே இருப்பதை எழுதிக் கொடுத்தால், அதை உங்கள் மருத்துவரிடமும் காட்டிவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்காக மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள்.

அம்மாவின் மல்லிகைப்பூவும் கெட்ட பாலும்

உங்கள் அம்மா சொன்ன மல்லிகைப்பூ வைத்தியம் வேலை செய்யக்கூடியது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை மருத்துவர்கள் 1988-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பால் வற்ற வேண்டிய தாய்மார்களுக்கு மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டியதையும், அன்றைக்குக் கொடுக்கப்பட்ட ப்ரோமோகிரிப்டின் மாத்திரையையும் ஒப்பிட்டபோது, பூவும் பால் சுரக்கும் ஹார்மோனைக் குறைத்தது, பால் வற்றியது. குழந்தையை இழந்த தாய்மார்களுக்கு நம் பாட்டிமார் செய்ததில் விஷயம் இருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு வேண்டாம் என்கிறேன். உங்களுக்குப் பால் வற்ற வேண்டியதில்லை. அழற்சி இருக்கும்போது திடீரென்று நிறுத்துவது, பால் உள்ளேயே தேங்கிச் சீழ் பிடிக்கும் வாய்ப்பைக் கூட்டும். கணவர் சொல்லும் பால் பவுடர் யோசனைக்கும் இதே பதில்தான். பால் கொடுப்பதை நிறுத்துவது உங்கள் உரிமை, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் நிறுத்துவதாக இருந்தால் இந்தத் தொற்று ஆறிய பிறகு, படிப்படியாகச் செய்யுங்கள்.

பால் கெடவில்லை. ஆரோக்கியமான, நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அந்தப் பக்கத்துப் பாலும் பாதுகாப்பானது. பாக்டீரியா இருந்தாலும் குழந்தையின் வயிறு அதைச் சமாளிக்கும். தாய்ப்பாலில் அதற்கான எதிர்ப்புப் பொருட்களும் இருக்கின்றன. அழற்சியின்போது பாலில் சோடியம் கூடுவதால் லேசாக உப்புக் கரிக்கும். அதனால் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அதைப் பார்த்துத்தான் ‘கெட்ட பால்’ என்று பெரியவர்கள் முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. வலது பக்கம் ஆரம்பித்து, பால் இறங்கியதும் இடது பக்கம் மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் குடித்துவிடும். சுத்தமாக மறுத்தால் அந்த நேரத்துக்கு மட்டும் பம்ப் செய்யுங்கள்.

வீட்டில் என்ன செய்வது

குளிர் ஒத்தடம். ஐஸை மெல்லிய துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், ஒன்றிரண்டு மணிக்கு ஒரு முறை. “பிள்ளை பெற்றவள் உடம்பில் குளிர் படக் கூடாது” என்று அம்மாவும் ஆன்ட்டியும் ஒரே குரலில் தடுக்கலாம். சுளுக்கிய காலுக்கு ஐஸ் வைப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை என்று எடுத்துச் சொல்லுங்கள். சளி பிடிக்காது, பால் உறையாது. பால் கொடுப்பதற்குச் சற்று முன் வெதுவெதுப்பான துணியை ஓரிரு நிமிடம் வைத்தால் சுகமாக இருக்கிறது என்றால் வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட நேரச் சூடு வீக்கத்தைக் கூட்டும்.

கை வைத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் வைக்கக்கூடிய ஒரு முறை இருக்கிறது. மல்லாந்து படுத்து, முதலில் காறையெலும்புக்கு மேலும் அக்குளிலும் விரல்களால் மெல்லச் சின்னச் சின்ன வட்டமாக வருடுங்கள். பிறகு மார்பின் தோலை அக்குள் பக்கமாகவும் காறையெலும்புப் பக்கமாகவும் தடவிவிடுங்கள். காம்பை நோக்கித் தள்ள வேண்டாம். தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடும் அளவுக்குத்தான் அழுத்தம். தோலுக்கு அடியிலேயே தேங்கியிருக்கும் நீர் நிணநீர்ப் பாதை வழியாக வடிவதற்கு இது போதும். வலித்தால் நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம்.

அப்புறம் பம்ப். உங்கள் கதையின் தொடக்கம் இதுதான் என்று நினைக்கிறேன். எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவுக்கு மார்பு மறுபடி சுரக்கும். குழந்தைக்குத் தேவையானதற்கு மேல் தினமும் எடுத்து ஃப்ரீசரில் அடுக்கினால், இரண்டு குழந்தைக்குச் சுரக்கும் மார்பாக அது மாறிவிடும். அடைசலும் அழற்சியும் அங்கிருந்துதான் வருகின்றன. பம்ப்பை ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். தினம் ஒரு தடவை குறைத்து, அல்லது எடுக்கும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, ஒரு வாரத்தில் குழந்தை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கட்டி இருக்கும் பக்கத்தை முழுக்கக் காலி செய்தே தீருவேன் என்று மணிக்கணக்காகப் பம்ப்போடு உட்கார வேண்டாம். பால்சுறாவும் பப்பாளிக்காய் சூப்பும் சாப்பாடாகச் சாப்பிடுவதில் தவறில்லை. பால் ஊற வேண்டும் என்பதற்காகத் தினமும் சாப்பிடுவதை இப்போதைக்கு நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். பொங்கி வழியும் மார்புக்கு இன்னும் ஊறவைக்கும் சாப்பாடு வேண்டாம்.

குழந்தை வாயில் எடுக்கும் விதத்தை ஒரு முறை யாராவது நேரில் பார்ப்பது நல்லது. கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பாலூட்டும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். உங்கள் பலதுறை மருந்தகத்தில் கேட்டாலும் வழிகாட்டுவார்கள். இறுக்கமான பிராவையும், கட்டியின் மேல் விழும் கைப்பை வாரையும் கொஞ்ச நாள் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மருந்து முழுக்க முடிந்த பிறகும் சிவப்போ கட்டியோ தங்கிவிட்டால், பாலூட்டும் தாய்க்கு இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிடாமல் மறுபடி ஸ்கேன் செய்து, தேவைப்பட்டால் சதைத் துணுக்கும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அபூர்வமாக வேறு நோய்கள் இதே முகத்தோடு வரும்.

உங்கள் கடைசி வரி

ஏழு வாரக் குழந்தை எடை ஏறிக்கொண்டிருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது உங்கள் பாலில் ஏறிய எடை. பால் அதிகம் சுரந்ததும், நாலு பேர் நாலு விதமாகச் சொன்னதும், ஒரு முரட்டுக் கையும் சேர்ந்து வந்த வியாதிக்கு நீங்கள் காரணம் இல்லை. இந்த நினைப்பு காய்ச்சல் விட்ட பிறகும் போகவில்லை என்றால், குழந்தை தூங்கும்போதுகூடத் தூக்கம் வரவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை, அழுகை நிற்கவில்லை என்றால், அதையும் ஒரு மருத்துவரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன. ராத்திரியில் குழந்தையைத் தூக்கிக் கொடுப்பது, துணி மாற்றுவது, உங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பது எல்லாம் கணவர் செய்யட்டும். பால் பவுடர் வாங்கித் தர நினைத்த அவருக்கும் உதவ வேண்டும் என்ற எண்ணம்தான். என்ன செய்வது என்று அவருக்கு யாராவது சொல்ல வேண்டும், இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள்.

கட்டிய பணம்

சட்டம் என் துறை இல்லை, பொதுவாக எல்லாருக்கும் தெரிந்ததைச் சொல்கிறேன். செய்யாத மூன்று முறைக்கான பணத்தைத் திரும்பக் கேட்பதில் தவறே இல்லை. தொலைபேசியில் பேசாமல் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்: இந்தத் தேதியில் இவ்வளவு கட்டினேன், இரண்டு முறை முடிந்தது, காய்ச்சல் வந்து மருத்துவர் சிகிச்சையில் இருக்கிறேன், மீதியைத் திருப்பித் தாருங்கள். பணம் கட்டிய ரசீதையும், மார்பின் நீலத் தடங்களைத் தேதியோடு எடுத்த படத்தையும், மருத்துவர் தந்த சீட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் கேஸ் எனப்படும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம், அவர்கள் சமரசம் பேசுவார்கள். அதிலும் முடியாவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளைச் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் எடுத்துக்கொள்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இதையெல்லாம் காய்ச்சல் விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவது மசாஜுக்கு அவர் குறித்திருக்கும் நேரத்தை மட்டும் இப்போதே ரத்து செய்துவிடுங்கள். கட்டிய பணம் போகிறதே என்பதற்காகக் கதவைத் திறக்காதீர்கள்.